ஆசிரியை காப்பாற்றிய பேய் விளக்கு



ஹாலோவீனுக்கு முதலில் பரங்கிக்காயே கிடையாது. அயர்லாந்தில் அக்டோபர் 31 இரவு ஆவிகள் உலவும் என்று நம்பினார்கள். அவற்றை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கேற்றினார்கள். நம் நூல்கோலுக்கு உறவான கிழங்கு அது. குடைந்து முடிப்பதற்குள் கை வலித்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்கா போனவர்களுக்குப் பரங்கிக்காய் கிடைத்தது. பெரியது, குடைய எளிது. கிழங்கை மறந்தார்கள். 1909இல் டென்னிசன் என்ற காகிதக் கம்பெனி, வீட்டிலேயே கிரேப் காகித அலங்காரம் செய்ய 'போகி புக்' என்று ஒரு கையேடே போட்டது. (நம் போகிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

கிழங்கு விளக்கு சில நாளில் சுருங்கி அழுகிவிடும். பிறகு அதன் முகம் நமக்கு எப்படித் தெரியும்? 1943இல் டொனிகல் பகுதியின் ஃபின்டவுன் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர், இதை இப்போது யாரும் செய்வதில்லை என்று சொல்லி, ஒன்றை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்திடம் கொடுத்தார். உதிரும் நிலையில் இருந்ததால் பிளாஸ்டரில் அச்செடுத்து வைத்தார்கள். படத்தைத் தேடிப் பாருங்கள். சுருங்கிய தோலும் பல்லுமாக, இன்றைய பரங்கிக்காய்ச் சிரிப்பெல்லாம் அதன் முன்னால் சும்மா! ஒரு பள்ளி ஆசிரியைக்கு இது தோன்றியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

வெளிநாட்டில் இருக்கும் பேரன் பேத்திகள் களிமண்ணில் கட்டைவிரல் அளவுப் பரங்கிப் பேய் செய்தால், அடியில் பெயரும் வருடமும் கீறச் சொல்லுங்கள். படம் எனக்கும் வரட்டும்.