வைகறையாளரும் நள்ளிரவாளரும்: மைசூர் கூறும் பொழுது வரலாறு

மனிதரைப் பலவகையாகப் பிரித்துக் காண்பது உலக வழக்கம். அவ்வகைகளுள் மிகப் பழமையானதும், ஒவ்வொரு வீட்டிலும் காணத்தக்கதுமான பிரிவு ஒன்று உண்டு. கோழி கூவுமுன் எழுந்து, விளக்கேற்றிய சிறிது பொழுதிலேயே கண்ணயர்பவர் ஒரு சாரார். பகலில் மந்தமாயிருந்து, ஊர் அடங்கியபின் அறிவு தெளிந்து உழைப்பவர் மற்றொரு சாரார். முன்னவரை உலகம் போற்றுகின்றது. பின்னவரைச் சோம்பர் என்று இகழ்கின்றது. இவ்விகழ்ச்சி வெறும் சொல்லளவில் நிற்பதுமில்லை. பள்ளியில் மாணவனுக்குரிய மதிப்பும், அலுவலகத்தில் ஊழியரின் உயர்வும், புகுந்த வீட்டில் மருமகளின் நற்பெயரும் பல சமயம் இதனைக் கொண்டே அளக்கப்படுகின்றன.

இத்தீர்ப்பு நேர்மையானதுதானா? அறநூல்களை மட்டும் கொண்டு இதற்கு விடை காண இயலாது. பொழுதைப் பற்றிய மனிதரின் எண்ணம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். அதற்கு ஒரு நகரத்தின் வரலாற்றையே சான்றாகக் கொள்ளலாம். காவிரி நாட்டின் மேற்றலையில் விளங்கும் மைசூர், 2014 முதல் மைசூரு என்று வழங்கப்பெறும் அந்நகரம், இதற்கு மிகவும் ஏற்றது.

முதற்கண் நம் முன்னோரின் கணக்கை நினைவு கூர்வோம். ஒரு நாளுக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகை இன்றைய கடிகாரத்தின்படி 24 நிமிடம். ஏழரை நாழிகை கொண்டது ஒரு சாமம். தொல்காப்பியம் நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து, மருதத்திற்கு வைகறையையும் குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் உரிமையாக்கிற்று. வைகறை உயர்ந்தது, யாமம் தாழ்ந்தது என்னும் வேறுபாடு அங்கில்லை. ஒவ்வொரு நிலத்திற்கும் ஒழுக்கத்திற்கும் ஏற்ற பொழுது ஒன்று உண்டு என்பதே அப்பகுப்பின் கருத்து. வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவனுக்கு வைகறை எத்துணை இன்றியமையாததோ, தினைப்புனம் காக்கும் குறவனுக்கு நள்ளிரவும் அத்துணை இன்றியமையாதது. மற்றொரு புறம், ஞாயிறு எழுவதற்கு நான்கு நாழிகைக்கு முன் தொடங்கும் பிரம்ம முகூர்த்தத்தைச் சமய நூல்கள் வழிபாட்டிற்கும் கல்விக்கும் சிறந்ததெனக் கொண்டன. வைகறைத் துயிலெழுதல் ஓர் அறமாகக் கருதப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர் நாட்டை ஆண்ட ஹைதர் அலியின் அன்றாட வாழ்க்கையை, அவரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுப் படைத்தலைவர் மெய்த்ர் தெ லா தூர் எழுதி வைத்துள்ளார். ஞாயிறு எழும்போதே ஹைதர் எழுவார். முந்திய பகலும் இரவும் காவல் புரிந்த தலைவர்கள் உடனே வந்து செய்தி கூறுவர். இரவு எட்டு மணிக்கு மேலோ ஆடலும் பாடலும் தொடங்கிப் பதினொரு மணி வரை நீடிக்கும். எனவே அரசர் வைகறையாளர், அரண்மனை இரவாளர் என்னும் இரு நிலையும் ஒரே இடத்தில் அமைந்திருந்தன.

அவருடைய மைந்தர் திப்பு சுல்தான் தாம் கண்ட கனவுகளைத் தம் கைப்படப் பாரசீக மொழியில் எழுதி வைத்தார். முப்பத்தேழு கனவுகளைக் கொண்ட அச்சுவடி இன்று இலண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றது. உறக்கத்தின் பிற்பகுதியிலேதான், அதாவது விடியற்காலத்தை ஒட்டியே, தெளிவான கனவுகள் மிகுதியாகத் தோன்றும் என்பது இன்றைய உறக்க ஆய்வாளர் கண்ட உண்மை. உறக்கத்தின் கடைப்பகுதியை இழப்பவர் கனவுகளில் பெரும்பகுதியையும் இழக்கின்றார்.

திப்புவின் ஊழையும் பொழுதே இருமுறை புரட்டிற்று. 1792 பிப்ரவரி 6 அன்று இரவு, நிலவொளியில் காரன்வாலிஸ் பிரபுவின் படை சீரங்கப்பட்டணத்துப் பாசறைகளைத் தாக்கியது. 1799 மே 4 அன்றோ இதற்கு நேர்மாறு. கோடை வெயில் உச்சியில் எரியும் பிற்பகல் ஒரு மணியளவில், கோட்டைக் காவலர் உணவுக்கும் ஓய்வுக்கும் ஒதுங்கியிருக்கும் வேளை பார்த்துத் தாக்குதல் தொடங்கிற்று. மாற்றானின் விழிப்பு எப்பொழுது தளரும் என்பதைக் கணித்தவர் வென்றனர். மனித உடலின் விழிப்புக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு என்பதைப் போர்த்தலைவர்கள் அறிவியலுக்கு முன்னரே அறிந்திருந்தனர்.

இதுவரை பொழுதை அளந்தது ஞாயிறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வுரிமை கடிகாரத்தின் கைக்கு மாறியது. பெங்களூரிலிருந்து மைசூருக்கு இருப்புப்பாதை வந்தது. ரயிலுக்கு ஊர்தோறும் ஒரு நேரம் ஒவ்வாது. ஆகவே சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரமே ரயில்வே நேரமாயிற்று. மைசூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால், அதன் சூரிய நேரம் சென்னை நேரத்திற்கு ஏறத்தாழ 14 நிமிடம் பிந்தியது. பின்னர் 1906 ஜனவரி முதல் நாள், கிழக்குத் தீர்க்கரேகை எண்பத்திரண்டரைப் பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. மைசூரின் தீர்க்கரேகை ஏறத்தாழ எழுபத்தாறரைப் பாகைக்குச் சற்று மேல். கணக்கிட்டால் வேறுபாடு 23 நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகும்.

அஃதாவது ஏறத்தாழ ஒரு நாழிகை! மைசூர்க் கடிகாரம் ஆறு மணி என்று அடிக்கும்போது, அவ்வூரின் சூரியக் கணக்கில் மணி 5.37 தான். கல்கத்தாவிலோ நிலைமை தலைகீழ். அந்நகரம் அதே அளவு கிழக்கே இருப்பதால், அங்குக் கடிகாரம் ஆறு அடிக்கும்போது சூரியக் கணக்கு 6.23 ஆகிவிடும். ஆறு மணிக்கு எழும் கல்கத்தாவாசியும் ஆறே முக்கால் மணிக்கு எழும் மைசூர்வாசியும் ஞாயிற்றின் கண்ணில் ஏறக்குறைய ஒரே வேளையில் எழுந்தவர்களே. கடிகாரத்தின் கண்ணில் மட்டும் ஒருவர் சுறுசுறுப்பானவர், மற்றவர் சோம்பேறி. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை, நாட்டின் கடிகாரங்கள் இன்னும் ஒரு மணி முன்தள்ளி வைக்கப்பட்டன. அப்பொழுது மைசூரில் ஆறு மணிக்கு எழுந்தவர் உண்மையில் 4.37 மணிக்கு எழுந்தவராவார். ஓர் அரசாணையினாலே ஊர் முழுவதும் வைகறையாளராக மாறிவிட்டதெனின், எழும் மணியைக் கொண்டு ஒருவரின் ஒழுக்கத்தை அளப்பது எவ்வளவு உறுதியற்றது என்பது தெளிவாகும்.

கடிகாரம் காலையை மாற்றியது. மின்சாரம் இரவை மாற்றியது. திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டம் உருவாயிற்று. அதன் நிறைவைக் காண அவர் இருக்கவில்லை, 1901இல் காலமானார். 1902 ஜூன் மாத இறுதியில் மின்விசை பாய்ந்தது. அது முதலில் ஒளி தந்தது அரண்மனைக்கன்று, நகரத் தெருவுக்குமன்று. ஏறத்தாழ 92 மைல் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்திற்கே அது சென்றது. 1905இல் பெங்களூர்த் தெருக்களும், 1908இல் மைசூர் நகரமும் மின்னொளி பெற்றன.

இங்கே நாம் சற்று நின்று நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. கோலார்ச் சுரங்கத்தில் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் மக்கள். சுரங்க வேலை இரவு பகல் என்று பாராமல் முறை வைத்து நடந்தது. சில குழிகள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றன. அவ்வாழத்தில் வைகறையும் இல்லை, நள்ளிரவும் இல்லை. வெப்பமும் இருளுமே உண்டு. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கு இரவில் விழித்தோர் எவரும் தம் இயல்பினால் விழித்தவரல்லர். சங்கொலி அழைத்தபோது இறங்கியவர்கள். காலையில் வீடு திரும்பி நண்பகலில் உறங்கிய அத்தொழிலாளியைக் காண்பவர் எவரும் சோம்பர் என்று சொல்லத் துணிவரோ? இரவாளருள் இயல்பினால் ஆனவர், வறுமையினால் ஆக்கப்பட்டவர் என இரு பிரிவு உண்டு என்பதை மறத்தலாகாது.

மைசூர் நகரத்திலோ மின்னொளி விழாவுக்குத் துணையாயிற்று. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், ஹென்றி இர்வின் வரைந்த திட்டப்படி எழுந்த புதிய அரண்மனை 1912இல் முற்றுப்பெற்றது. இன்று விழா நாள்களில் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் அதனை அலங்கரிக்கின்றன. விஜயதசமியன்று யானை ஊர்வலம் முடிந்தபின், பன்னிமண்டபத்துத் திடலில் தீப்பந்த அணிவகுப்பு இரவில் நடைபெறுகின்றது. அதே ஊரில்தான் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகப் பள்ளி நடத்தத் தொடங்கினார். அவர் வழிவந்த பட்டாபி ஜோயிஸிடம் பயில, விடியுமுன்னரே அயல்நாட்டவர் பலர் காத்திருந்தனர். இரவின் பெருவிழாவும் வைகறைத் தவமும் ஒரே நகரத்தின் இரு கண்களாக விளங்கின.

இந்நகரம் வானொலிக்கும் தாய்வீடு. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராயிருந்த எம். வி. கோபாலஸ்வாமி, 1935 செப்டம்பர் 10 அன்று தம் இல்லத்திலேயே முப்பது வாட் திறனுள்ள சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். ஆகாசவாணி என்னும் பெயர் அந்நிலையத்தின் வழியே பெருவழக்குப் பெற்றது. மனத்தை ஆராய்ந்த ஒருவரே வானொலியையும் தொடங்கியது பொருத்தமே. ஏனெனில், வீடுகளின் பொழுதை ஒன்றுபடுத்தியதில் வானொலிக்குப் பெரும் பங்குண்டு. காலை மங்கள இசையும் செய்தியும் பல வீடுகளில் அடுப்பு மூட்டும் வேளையைக் குறித்தன; இரவு இசைக் கச்சேரி உறங்கும் வேளையைக் குறித்தது.

இனி அறிவியல் கூறுவதைக் காண்போம். 1729இல் பிரெஞ்சு அறிஞர் தெ மெரான், தொட்டாற்சுருங்கியை இருட்டில் வைத்தபோதும் அதன் இலைகள் பொழுதறிந்து விரிந்து குவிவதைக் கண்டார். உயிர்களுக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு அதுவே முதற்சான்று. இத்துறையில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று. ஜெர்மானிய அறிஞர் எர்வின் பியூன்னிங்கிடம் பயின்ற எம். கே. சந்திரசேகரன், மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். வெளியுலக ஒளியும் ஒலியும் கடிகாரமும் எட்டாத அறையில் மனிதர் பல நாள்கள் தங்கி, தம் உடற்பொழுது எவ்வாறு ஓடுகின்றது என்பதை அறிய உதவினர். மதுரையை அடுத்த குகைகளில் அவரும் அவருடைய துணைவர்களும் வௌவால்களை ஆராய்ந்தனர். ஞாயிற்றொளி புகாத குகையில் கூட்டிலடைத்த வௌவால், தன் இனத்தோடு இருந்தால் பொழுது தவறுவதில்லை. சுற்றம் இல்லையெனில் அதன் கடிகாரம் மெல்ல விலகிச் செல்கின்றது. 1981இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பு, சுற்றமே ஒரு கடிகாரம் என்பதை மெய்ப்பித்தது.

பெங்களூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் விஜய் குமார் சர்மாவும் அவர் மாணவரும் பழ ஈக்களை வளர்த்தனர். காலையில் கூடு உடைத்து வெளிவரும் ஈக்களை ஒரு குலமாகவும், மாலையில் வெளிவருபவற்றை மற்றொரு குலமாகவும் பல தலைமுறை தொடர்ந்து தேர்ந்தெடுத்தனர். காலைக் குலத்தின் உட்கடிகாரம் விரைந்தோடுவதாகவும், மாலைக் குலத்தினுடையது சற்றுத் தாமதித்தோடுவதாகவும் ஆயின. பிறப்பில் வருவது எவ்வளவு என்பதை இது காட்டும். மனிதரிடத்தும் 2019இல், ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை ஆராய்ந்து, காலை விருப்பத்தோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகள் 351 உண்டு என்று கண்டனர். வயதும் ஒரு காரணம். பருவ வயதில் உறக்கம் பிந்துகின்றது, முதுமையில் முந்துகின்றது. பாட்டனார் நாலு மணிக்கு எழுவதும் பேரன் எட்டு மணி வரை உறங்குவதும் பெரும்பாலும் வயதின் செயலேயன்றி ஒழுக்கத்தின் ஏற்றத்தாழ்வன்று.

ஆயின், எல்லாம் பிறப்பின் விதி என்று கைவிடுதலும் தவறு. காலை வெயிலில் உலவுதலும், இரவில் ஒளியைக் குறைத்தலும், சுற்றத்தோடு ஒத்த வேளையில் உண்ணுதலும் உட்கடிகாரத்தை ஓரளவு திருத்தும். குகை வௌவால் கற்பிக்கும் பாடம் அது. ஓரளவு என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும்; ஈயின் குலத்தை மாற்றப் பல தலைமுறை பிடித்தது.

இவ்வரலாற்றினின்று நாம் பெறுவது யாது? ஒருவர் எழும் வேளையை மூன்று ஆற்றல்கள் முடிவு செய்கின்றன: உடலின் இயல்பு, ஊரின் கடிகாரம், வயிற்றின் தேவை. இவற்றுள் எதுவும் அவருடைய நற்குணத்தையோ தீக்குணத்தையோ காட்டுவதன்று. இன்றும் மருத்துவமனைச் செவிலியரும், மின்நிலைய ஊழியரும், அயல்நாட்டுப் பகலுக்கு ஒத்து வேலை செய்யும் இளைஞரும் இரவில் விழித்திருக்கின்றனர். வைகறையில் எழுவோர் விளக்கைப் போட்டவுடன் அது எரிகின்றதெனின், இரவெல்லாம் உறங்காத ஒருவர் எங்கோ இருக்கின்றார் என்பது பொருள். அவர் பகலில் உறங்கும்போது கதவை மெல்லச் சாத்துதல் நம் கடமை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை இகழுமுன், அவன் எழுந்த மணியைப் பாராது, அவன் உறங்கிய மணிகளை எண்ணிப் பார்ப்போம். உறக்கம் குறைந்தவனுக்கு வேண்டுவது வசையன்று, ஓய்வு.