துத்தநாக மின்முலாம்

இரும்பு, எஃகுப் பொருள்கள் துருப்பிடிக்காமலிருக்க, மின்பகுப்பின் மூலம் அவற்றின்மேல் துத்தநாகத்தை மெல்லிய படலமாகப் படியவைக்கும் முறை. போல்ட், நட்டு, திருகாணி போன்றவற்றுக்குப் பெரிதும் பயன்படுகிறது. துத்தநாக உப்புக் கரைசலில் பொருளை எதிர்மின்வாயாகவும் துத்தநாகத் தகட்டை நேர்மின்வாயாகவும் தொங்கவிட்டு நேர்மின்னோட்டம் செலுத்துவார்கள். படலத்தின் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். விளிம்புகளில் மின்னோட்டம் குவிவதால் அங்கே தடித்தும் குழிகளில் மெலிந்தும் படியும்.

முலாமின் தரத்தில் பாதி, பொருள் தொட்டிக்குள் இறங்குமுன்பே முடிவாகிவிடுகிறது. காரத்தில் எண்ணெய்ப் பிசுக்கையும் அமிலத்தில் துருவையும் போக்கியபின், பொருளை நீரில் முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். நீர் ஒரே ஏடாகப் படர்ந்து வடிந்தால் பரப்பு சுத்தம். முத்துமுத்தாகத் திரண்டால் பிசுக்கு இன்னும் இருக்கிறது. அதன்மேல் பூசிய முலாம் உரிந்துவிடும்.

துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரிபடும். எனவே கீறல் விழுந்தாலும் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. இதுவே இம்முறையின் பெரும் சிறப்பு. உறுதிமிக்க எஃகில் மட்டும், பூசும்போது ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். ஆகவே பூசியவுடன் சுமார் 200 பாகை செல்சியஸில் சில மணி நேரம் சூடாக்குவார்கள்.

முலாமின்மேல் குரோமேட் பூச்சும் இடுவதுண்டு. சில குரோமேட் கரைசல்களில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. அது கலந்த கழுவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விடுவது மன்னிக்க முடியாத குற்றம்.