தேடலுக்கு மணிக்கணக்கில் காசு கட்டிய காலம்

அண்ட், ஓர், நொட். இந்த மூன்றையும் நாம் வகுப்பில் தருக்கப் படலைகளாகவே படிப்பிக்கின்றோம். உண்மை அட்டவணை போட்டதும் பாடம் முடிந்துவிடுகிறது. ஆனால் ஜோர்ஜ் பூல் 1854 இல் நூலாக எழுதிய இந்தத் தருக்கம்தான் கூகுளுக்கு முந்திய தேடலுக்கு அடித்தளம்.

1960களில் அமெரிக்காவின் லொக்ஹீட் விமான நிறுவனத்தில் ரொஜர் சம்மிட் என்பவரின் குழு 'டயலொக்' என்ற தேடல் முறையை உருவாக்கியது. நாசாவின் ஆய்வறிக்கைகளைத் தேட அது பயன்பட்டது. 1972 இல் வணிகச் சேவையானது. அதற்கு முந்திய ஆண்டுதான் மருத்துவக் கட்டுரைகளுக்கான 'மெட்லைன்' தொடங்கியிருந்தது.

டயலொக்கில் அடிப்படைக் கட்டளைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். 'பிகின்' என்று தரவுத்தளத்தின் இலக்கத்தைக் கொடுத்தால் அது திறக்கும். கல்விக்கான எரிக் 1, மெட்லைன் 155. 'செலக்ட்' சொல்லைத் தேடி, கிடைத்தவற்றை ஒரு தொகுதியாக்கி இலக்கமிடும். 'டைப்' விபரங்களைக் காட்டும். எமக்கு மிகவும் பிடித்தது 'எக்ஸ்பேண்ட்'. தேடுவதற்கு முன்பே, அந்தச் சொல்லும் அகரவரிசையில் அதன் அக்கம்பக்கச் சொற்களும் எத்தனை பதிவுகளில் உள்ளன என்று காட்டிவிடும். இன்றைய தேடுபொறிகள் இதைக் காட்டுவதில்லை.

அப்போது தொலைபேசி வழியே செக்கனுக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள்தான் வரும். இணைந்திருக்கும் நேரத்துக்குக் கட்டணம், அதுவும் டொலரில். அதனால் பயிற்சி பெற்ற நூலகர்களே ஆய்வாளருக்காகத் தேடினார்கள். கேள்வியை முதலில் கடதாசியில் பிரித்து எழுதி, மாற்றுச் சொற்களையும் குறித்துக்கொண்ட பிறகே இணைந்தார்கள். நீண்ட பட்டியல் என்றால் 'பிரிண்ட்' கொடுத்துவிட்டுத் துண்டித்துவிடுவார்கள். அச்சுப்பிரதி தபாலில் வரும்!

அந்தக் கடதாசி வேலை எதற்கு என்பதற்கு எமது நாட்டையே எடுத்துக்கொள்வோம். 1963 இல் இங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது பெருந்தொற்றாகத் திரும்பி வந்தது. இதைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளின் தலைப்பில் ஸ்ரீலங்கா என்ற பெயர் இராது. 1972 வரை நாம் சிலோன் அல்லவா? ஆகவே 'மலேரியா அண்ட் ஸ்ரீலங்கா' என்று மட்டும் தேடுபவரிடமிருந்து அந்த வரலாறு நழுவிவிடலாம். 'ஓர் சிலோன்' என்று சேர்க்க வேண்டும். அப்போதும் அடைப்புக்குறி போடாவிட்டால் அண்ட் முதலில் இயங்கி, சிலோன் தேயிலைக் கட்டுரைகளும் வந்து குவியும்.

1997 இல் 'பப்மெட்' வழியாக மெட்லைன் எல்லோருக்கும் இலவசமானது. கட்டணமும் போயிற்று, இடையில் இருந்த நூலகரும் போய்விட்டார். கட்டளைகள் போகவில்லை. உயர்தர மாணவர்கள் இன்றிரவே கையடக்கத் தொலைபேசியில் பப்மெட்டைத் திறந்து, மலேரியா அண்ட் (ஸ்ரீலங்கா ஓர் சிலோன்) என்பதை ஆங்கிலத்தில், அண்ட், ஓர் இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டிப் பாருங்கள். பிறகு அடைப்புக்குறியை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடி, இரண்டு எண்ணிக்கைகளையும் கீழே கொமெண்டில் போடுங்கள்.