ஒலி போனபின் நின்ற நான்கு எழுத்துகள்

ஓ, யு, ஜி, எச். ஆங்கிலம் கற்கப் புகுந்த எவரையும் ஒருமுறையேனும் இடறிவிட்ட நான்கு எழுத்துகள் இவை. இருமலைக் குறிக்கும் 'காஃப்', சொரசொரப்பைக் குறிக்கும் 'ரஃப்', பிசைந்த மாவாகிய 'டோ', மரக்கிளையாகிய 'பௌ', ஊடாக என்று பொருள்படும் 'த்ரூ' ஆகிய ஐந்தும் இந்த நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. ஐந்து சொற்களுக்கு ஐந்து ஒலிகள். இதைப் பித்துக்குளித்தனம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் சற்று நின்று பார்த்தால், அழிந்துபோன ஓர் ஒலியின் வரலாறு அங்கே புதைந்திருப்பது தெரியும்.

பழைய ஆங்கிலத்தில், தொண்டைக்கு அருகே காற்று உரசி எழும் வல்லொலி ஒன்று இருந்தது. இரவைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல்லிலும், ஏரியைக் குறிக்கும் ஸ்காட்லாந்துச் சொல்லிலும் அதை இன்றும் கேட்கலாம். அன்றைய எழுத்தர்கள் அதை எச் என்னும் ஓரெழுத்தாலேயே குறித்தனர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு மரபில் பயின்றவர்களின் கைக்கு ஏடுகள் மாறின. 'யோக்' என்னும் வால் நீண்ட எழுத்து சிலகாலம் அவ்வொலியைச் சுமந்தது. பிறகு ஜி, எச் இரண்டும் இணைந்து அதன் இடத்தைப் பிடித்தன. ஸ்காட்லாந்தின் அச்சகத்தார் யோக்குக்கு ஈடாகத் தோற்றத்தில் அதை ஒத்த இசட்டைக் கோத்தனர். 'மிங்கிஸ்' என ஒலிக்கப்பட்ட குலப்பெயர் தாளில் 'மென்சீஸ்' எனத் தோன்றுவது அதனால்தான்.

1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல உறையவைக்கத் தொடங்கிய அதே காலத்தில் பேச்சு உருகி ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து முதல் பதினேழாம் நூற்றாண்டுக்குள் தென்னிங்கிலாந்தின் நாவிலிருந்து அந்தத் தொண்டையொலி மறைந்தது. சில சொற்களில் சுவடின்றிப் போயிற்று. சிலவற்றில், அதைப் போலவே உரசி எழும் எஃப் ஒலியாக மாறியது. உயிரொலிகளும் அக்காலத்தில் இடம் பெயர்ந்தன. ஒவ்வொரு வட்டாரமும் தன் வழியில் சென்றது. எந்த வட்டாரத்தின் உச்சரிப்பு பொதுமொழியில் நிலைத்ததோ அதுவே அந்தச் சொல்லின் விதியாயிற்று. குள்ளனைக் குறிக்கும் 'ட்வார்ஃப்' எழுத்திலும் எஃபை ஏற்றுக்கொண்டு தப்பியது.

இந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அரிதாகிப்போன சில சொற்கள் ஒதுங்கி நிற்கின்றன. மரங்களிடையே காற்று எழுப்பும் பெருமூச்சுக்கு 'சௌ' என்று பெயர். 'சஃப்' என்பாரும் உண்டு. வடஇங்கிலாந்தில் செங்குத்தான சிறு பள்ளத்தாக்கு 'கிளஃப்'. சேற்று நிலம் 'ஸ்லௌ'. பாம்பு உரித்த சட்டை 'ஸ்லஃப்'. பிறப்பால் வேறான இவ்விரண்டுக்கும் எழுத்து ஒன்றே. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட பயண உருவகக் கதையில் பயணி விழும் மனச்சோர்வின் சேறு, முதல் சொல்லை இன்றுவரை காப்பாற்றி வருகிறது.

போலிகளும் உண்டு. விக்கலைக் குறிக்கும் 'ஹிக்கப்' இருமலோடு உறவில்லாதது. பதினேழாம் நூற்றாண்டில் யாரோ உறவு கற்பித்து, இந்த நான்கு எழுத்துகளை அதன் வாலில் ஒட்டிவிட்டனர். பிரெஞ்சிலிருந்து வந்த 'டிலைட்' என்ற சொல்லிலும், ஒளியைக் குறிக்கும் சொல்லைப் பார்த்தே ஜி-எச் நுழைந்தது. இல்லாத மூதாதையருக்கு நடுகல் நட்டது போல!

1906இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், முந்நூறு சொற்களை எளிய எழுத்துக்கூட்டலில் அச்சிடும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். 'த்ரூ', 'தோ' இரண்டும் அப்பட்டியலில் இருந்தன. பத்திரிகைகள் எள்ளின, மக்களவை எதிர்த்தது. அவ்வாண்டு இறுதிக்குள் அவர் பின்வாங்கினார். கற்பவரின் துன்பத்தை எண்ணினால் அவர் பக்கமே நியாயம். ஆனால் அந்த எழுத்துகளைக் களைந்தால், ஆங்கிலமும் ஜெர்மனும் ஒருதாய் மக்கள் என்பதற்குக் கண்ணால் காணும் சான்றொன்று போய்விடும்.

கடைசியாக ஒரு பறவை. சிவந்த அலகும் சிவந்த கால்களும் கொண்ட காக்கை இனம், பெயர் 'சஃப்'. கத்தும் ஒலியால் அமைந்த பெயர் அது. முன்பு வேறொரு சிறு காக்கையைக் குறித்து, பின் இதற்கு வந்தது. கார்ன்வால் மாவட்டச் சின்னத்தில் வீற்றிருக்கும் இப்பறவையின் கடைசி ஒன்று அங்கே 1973இல் இறந்தது. 2001இல் சில பறவைகள் தாமாகவே திரும்பி வந்தன. மறு ஆண்டு குஞ்சு பொரித்தன. பறவை வந்துவிட்டது. அதன் பெயரின் வாலில் இருந்த தொண்டையொலிதான் இன்னும் வரவில்லை. அதற்கான கூட்டை மட்டும் எழுத்துகள் காத்து வைத்திருக்கின்றன.