மெய்ப்பும் தாளும்

எழுதியதை அச்சேற்றுமுன் படியெடுத்துத் திருத்துவதை 'மெய்ப்புப் பார்த்தல்' என்கிறோம். எழுத்துக்கு இவ்வளவு அக்கறை காட்டும் நாம் படத்துக்குக் காட்டுவதில்லை. பள்ளி ஆண்டு மலர்களில் நம் முன்னோரின் முகங்கள் கரி படிந்தனவாய்க் காட்சியளிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே, நிறத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் முறை வளர்ந்த வரலாற்றை ஆசிரியரும் மாணவரும் அறிதல் நன்று.

அச்சுத் தொழிலைத் தாளும் ஆளுகிறது என்பதைத் தமிழகம் தொடக்கத்திலேயே கண்டது. 1713-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுப்பணி தொடங்கியபோது, செருமனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தன. அவற்றால் தாள் மிகுதியாகச் செலவாகும் என்பதால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு அச்சேறி நிறைவுற்றது.

வண்ணம் வந்தபோது சிக்கல் பெருகிற்று. ஓவியர் இரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்தில் படங்கள் கல்லச்சு முறையில் உருவாயின. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறும்போது மாதிரிப்படி எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டால்தான் பிழை புலப்படும். அந்த ஒப்பீட்டுக்குக் கைவினைஞரின் கண்ணே அளவுகோல்.

கண்ணோ ஆளுக்கு ஆள் மாறுபடுவது. 1931-இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் நிறத்தை எண்களால் குறிக்கும் முறையை வகுத்தது. ஆயினும், யாருடைய நிறத்தை முன்மாதிரியாகக் கொள்வது என்னும் வினா எஞ்சி நின்றது. 1950-கள் முதல் கோடாக் நிறுவனம் படக்கூடங்களுக்கு வழங்கிய 'ஷெர்லி அட்டை'யில் வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. அம்முகம் செம்மையாக அமைந்தால் நிறம் சரியெனக் கொள்ளப்பட்டது. கருநிற முகங்களோ நிழலில் ஆழ்ந்தன. பல இனத்தவர் இடம்பெற்ற அட்டைகள் 1990-களில்தான் வந்தன.

1993-இல் 8 நிறுவனங்கள் கூடிப் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. ஒரு கருவி நிறங்களை எவ்வாறு வெளிப்படுத்தும் என்பதை எண்களாகப் பதிந்து வைக்கும் 'நிற விவரக் கோப்பு' இதனால் பொதுமை பெற்றது. அச்சுப்பொறி, மை, தாள் ஆகிய மூன்றின் சேர்க்கைக்கும் ஒரு கோப்பு உண்டு. தாள் மாறினால் கோப்பும் மாறும். அதனைக் கணினியில் ஏற்றினால், படம் அத்தாளில் எவ்வாறு விழும் என்பதைத் திரையே முன்கூட்டிக் காட்டும். இதனைத் 'திரை மெய்ப்பு' எனலாம்.

திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன்மேல் விழும் ஒளியையே திருப்பித் தருகிறது. ஆதலால் திரையில் தோன்றும் நிறமெல்லாம் தாளில் வாரா. சொரசொரப்பான தாள் மையை உறிஞ்சும்; புள்ளிகள் பரவும்; நிழற்பகுதிகள் ஒன்றாய்க் கலந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் இது பொருந்தும்.

பேரா மாநிலத்தாராகிய நமக்கு இச்செய்தி மிக வேண்டுவது. 1877-இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் எழுந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போயின, கோயிலும் பள்ளியும் சில இடங்களில் இடம் பெயர்ந்தன. எஞ்சியவை வீட்டுப் பெட்டிகளில் உறங்கும் ஒளிப்படங்களே. மரநிழலில் வாளியோடு நிற்கும் பால்மரத் தொழிலாளியின் முகமே, தாள் முதலில் விழுங்கும் பகுதி. தலைத்துண்டின் வெண்மை தெரியும், ஆள் மறைந்துபோவார்.

மலர் வெளியிடுவோர் அச்சகத்தாரிடம் தாளின் நிற விவரக் கோப்பைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். திரையும் கருவி கொண்டு அளந்து சீராக்கப்பட்டிருத்தல் வேண்டும். இன்றேல் மெய்ப்பே பொய்த்துவிடும். திரை மெய்ப்பில் கண்டவாறு நிழலை இளக்கி, அதே தாளில் ஒரு படி அச்சிட்டுப் பார்த்தபின் எஞ்சியவற்றை அச்சேற்றலாம்.

ஒற்றுப்பிழை கண்டால் வருந்தும் தமிழாசிரியர், ஒரு தலைமுறையின் முகம் அழிவதையும் பிழையென்றே கொள்ளுதல் வேண்டும்.