வெயிலால் கருக்கும் தோல்: காக்கும் வழிகளும் தவிர்க்க வேண்டிய பூச்சுகளும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வெளியில் சென்று வருவோரின் முகம், கழுத்து, கைகள் ஆகியவை உடலின் பிற பகுதிகளைவிடக் கருத்துவிடுகின்றன. இதனை அழுக்கு என்றோ நோய் என்றோ எண்ணி, உடனடியாகப் போக்க வேண்டும் எனப் பலரும் முயல்கின்றனர். வெயிலால் ஏற்பட்ட கருமை, மேலும் வெயில் படாமல் காத்துக்கொண்டால், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். ஆனால் அதனை ஒரே வாரத்தில் போக்குவதாகக் கூறி விற்கப்படும் சில பூச்சுகளால் ஏற்படும் கேடு அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. இவ்வேறுபாட்டை ஒவ்வொருவரும் அறிந்திருப்பது அவசியம்.

தோல் ஏன் கருக்கிறது?

மேல்தோலின் அடியடுக்கில் மெலனின் என்னும் நிறமியை உற்பத்தி செய்யும் செல்கள் உள்ளன. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோல் செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது, இச்செல்கள் கூடுதலாக மெலனினை உருவாக்கி அண்டைச் செல்களுக்கு வழங்குகின்றன. அந்நிறமி செல்லின் உட்கருவின்மேல் குடைபோலக் கவிந்து, மேலும் சேதம் நேராமல் தடுக்கிறது. எனவே கருமை என்பது தோல் பாதிக்கப்பட்டதன் அடையாளம். அதே வேளையில் அது தோலின் தற்காப்பும் ஆகும். தேய்த்துக் கழுவி அகற்றத்தக்க பொருள் அன்று.

புற ஊதாக் கதிர்களில் இரு வகைகள் நிலத்தை வந்தடைகின்றன. 'பி' வகைக் கதிர்கள் தோலின் மேற்பகுதியைத் தாக்கி, சிவத்தல், எரிச்சல், கொப்புளம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. 'ஏ' வகைக் கதிர்கள் தோலின் உள்ளடுக்கு வரை ஊடுருவி, அங்குள்ள கொலாஜன் இழைகளைச் சிதைப்பதால், இளவயதிலேயே சுருக்கங்களும் கரும்புள்ளிகளும் தோன்றுகின்றன. இவ்வகைக் கதிர்கள் சாதாரண சன்னல் கண்ணாடியையும் பெருமளவு கடந்து வரக்கூடியவை.

கருநிறத் தோலுக்குப் பாதுகாப்பு தேவையில்லையா?

மெலனின் மிகுந்த தோலில் வெயிலால் உண்டாகும் தோல் புற்றுநோய் வெள்ளைத் தோலினரைவிடக் குறைவாகவே காணப்படுகிறது. ஆயினும் மங்கு, கரும்புள்ளிகள், விரைவான முதுமைத் தோற்றம் ஆகியவற்றிலிருந்து நிறமி முழுப் பாதுகாப்பு அளிப்பதில்லை. குறிப்பாக, கருவுற்ற காலத்தில் முகத்தில் தோன்றும் மங்கு வெயில் பட்டால் மேலும் அடர்த்தியாகும்.

மேலை நாடுகளில் இதற்கு நேர்மாறாக, கருத்த தோலை அழகெனக் கருதிப் புற ஊதா விளக்குகள் பொருத்திய படுக்கைகளைப் பயன்படுத்தும் வழக்கம் உள்ளது. இக்கருவிகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009இல் வகைப்படுத்தியது. நிறத்தை மாற்றும் ஆசை எத்திசையில் சென்றாலும் அதன் சுமையைத் தாங்குவது தோலே.

வெயிலின் கடுமையை அறிவது எப்படி?

வெப்பமும் புற ஊதாக் கதிர்களும் ஒன்றல்ல. புற ஊதாக் குறியீடு 3ஐ எட்டும்போதே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிகக் கடுமை. 11ம் அதற்கு மேலும் உச்சநிலை. ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேராக நிற்பதால் கதிர்களின் வலிமை மிகுந்திருக்கும்.

கருவி எதுவுமின்றி இதனை அறிய எளிய வழி உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் கதிர்கள் கடுமையாக உள்ளன என்று கொள்ளலாம்.

உதகமண்டலம், கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிர்ச்சி இருப்பதால் வெயில் தாக்காது என எண்ணுவது தவறு. உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் புற ஊதாக் கதிர்களின் அளவு சுமார் 10 விழுக்காடு அதிகரிக்கிறது. மெல்லிய மேகமூட்டமும் இவற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. கடற்கரை மணலும் கதிர்களைப் பிரதிபலிப்பதால், அங்குக் குடையின் கீழ் இருப்போரும் ஓரளவு பாதிக்கப்படலாம்.

காத்துக்கொள்ளும் முறைகள்

• இயன்றவரை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நேரடி வெயிலைத் தவிர்க்கவும்.

• வயல், உப்பளம், சாலைப்பணி, கட்டுமானம் ஆகியவற்றில் ஈடுபடுவோர் நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்தி ஆடை அணியவும். தலைப்பாகை அல்லது அகன்ற விளிம்புத் தொப்பியால் தலையையும், துண்டால் கழுத்தையும் மறைத்துக்கொள்ளவும். நனைந்த மெல்லிய துணி, உலர்ந்த துணியைவிடக் குறைவான பாதுகாப்பே தரும். வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றிக்கொள்வதே சிறந்த தற்காப்பு.

• சன்ஸ்கிரீன் பயன்படுத்துவோர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதும், 'ஏ', 'பி' இருவகைக் கதிர்களையும் தடுப்பதுமான பூச்சைத் தேர்ந்தெடுக்கவும். எஸ்.பி.எஃப். 30 கொண்ட பூச்சு 'பி' வகைக் கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 கொண்டது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கின்றன. ஆகவே விலையுயர்ந்த பூச்சைச் சிறிதளவு தடவுவதைவிட, போதிய அளவு தடவுவதே முக்கியம். முகத்திற்கும் கழுத்திற்கும் இரு விரல்களின் நீள அளவு தேவை. வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையும், வியர்த்த பின்னரும் மீண்டும் தடவவும்.

• ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளை நிழலிலும் ஆடையாலும் காக்க வேண்டும்.

• டாக்சிசைக்ளின் போன்ற சில மருந்துகள் வெயிலால் தோல் எளிதில் புண்படும் நிலையை உண்டாக்கும். மருந்து உட்கொள்வோர் மருத்துவரிடம் கேட்டறியவும்.

தவிர்க்க வேண்டிய பூச்சுகள்

ஸ்டீராய்டு கலந்தவை: பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் ஆகியவை தோல் நோய்களுக்கான மருந்துகள், அழகுப் பொருள்கள் அல்ல. இவற்றை முகத்தில் தடவினால் முதல் சில வாரங்களில் நிறம் வெளுத்துப் பொலிவு கூடியதுபோல் தோன்றும். தொடர்ந்து பயன்படுத்தும்போது தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, பருக்களும் முகத்தில் முடி வளர்ச்சியும் உண்டாகும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் அதே பூச்சை நாடுவதால் பழக்கம் விடாமல் தொடர்கிறது. நெடுநாள் பயன்படுத்தியோர் தோல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

ஹைட்ரோகுவினோன் கலந்தவை: மருத்துவரின் கண்காணிப்பின்றி நீண்டகாலம் பயன்படுத்தினால், போக்க நினைத்த கருமைக்கு மாறாக, நீலங்கலந்த கருந்திட்டுகள் நிலையாகப் படியக்கூடும்.

பாதரசம் கலந்தவை: பாதரசம் தோலின் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். கருவிலுள்ள குழந்தைக்கும் தீங்கு செய்யும். உற்பத்தியாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத பூச்சுகளை வாங்க வேண்டாம். கலோமெல், மெர்க்குரிக், மெர்க்குரஸ் ஆகிய சொற்கள் இருந்தாலோ, தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுமாறு குறிப்பு இருந்தாலோ அதனைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டுப் பொருள்களிலும் கவனம் தேவை. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் சென்றால், அதிலுள்ள வேதிப்பொருள் புற ஊதாக் கதிர்களுடன் வினைபுரிந்து கொப்புளத்தையும், மாதக்கணக்கில் நீடிக்கும் கருந்தழும்பையும் உண்டாக்கலாம். சமையல் சோடாவும் கரடுமுரடான தேய்ப்பும் தோலின் மேலடுக்கைப் புண்ணாக்கும்.

வெயிலால் தோல் எரிந்தால்

உடனே நிழலுக்குச் சென்று, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றி எடுக்கவும். பனிக்கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். நீர், மோர், இளநீர் போதிய அளவு பருகவும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• பரவலான கொப்புளங்கள், காய்ச்சல் அல்லது வாந்தி இருந்தால்.

• மச்சம் உருவம், நிறம், அளவு மாறினால், அல்லது இரத்தம் கசிந்தால்.

• ஆறாத புண் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால். உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடியில் புதிய கரும்புள்ளி அல்லது கோடு தோன்றினால்.

• நிறம் வெளுக்கும் பூச்சு பயன்படுத்தும் ஒருவருக்குக் கால் அல்லது முகம் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, கைகள் நடுங்கினாலோ. பூச்சின் டப்பாவையும் மறவாமல் உடன் எடுத்துச் செல்லவும்.

வெயிலில் இருந்தவருக்கு உடல் கொதித்து மனக்குழப்பமோ மயக்கமோ ஏற்பட்டால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழைக்கவும். தமிழ்நாட்டில் உள்ளோர் பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

வெயிலுக்கு முன் நிழலும் ஆடையும், வெயிலுக்குப் பின் பொறுமையும் இருந்தால் தோல் தன் நிறத்தைத் தானே மீட்டுக்கொள்ளும். நலமான தோலுக்கு எந்த நிறமும் குறையன்று.