41-ஆவது வாக்கு: வில்லி பிரவுனும் கலிபோர்னியப் பேரவைத் தலைமையும்

1980 டிசம்பர் 1 அன்று கலிபோர்னியச் சட்டப்பேரவை வில்லி பிரவுனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவரை ஆதரித்தோரில் அவரது ஜனநாயகக் கட்சியினர் 23 பேர். எதிரணியான குடியரசுக் கட்சியினர் 28 பேர். டெக்சாஸ் மாநிலத்தின் மினியோலாவில், நிறப் பாகுபாட்டுச் சட்டங்களின் கீழ் வளர்ந்து, 1951இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து வழக்கறிஞரானவர் பிரவுன். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

அவரது சாதுரியத்தையும் பேச்சையும் உடையையும் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அவையெல்லாம் மேற்பூச்சு என்பதே என் கருத்து. அந்தத் தலைமை நெடுங்காலப் பயிற்சியில் விளைந்தது.

அங்கே பேரவைத் தலைவர் வெறும் நடுவர் அல்லர். எந்தக் குழுவில் யார் இருப்பது, யாருக்கு எத்தனை ஊழியர், யாருக்கு எந்த அறை என்பதெல்லாம் அவர் கையில். அவையில் 80 பேர். 41 வாக்கு சேர்ந்தால் இத்தனையும் வசமாகும்.

1964இல் உறுப்பினரான பிரவுன், நிதிக்குழுத் தலைவராக வரவு செலவின் நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர். ஆயினும் 1974இல் பேரவைத் தலைமைக்கான போட்டியில் தம் கட்சியின் லியோ மெக்கார்த்தியிடம் தோற்றார். தம் பக்கம் தாமாக வருவார்கள் என்று அவர் எண்ணியிருந்த கறுப்பின, மெக்சிகோ வம்சாவளி உறுப்பினர்களிலேயே சிலர் மெக்கார்த்திக்கு வாக்களித்தனர். அத்துடன் குழுத் தலைமையும் பறிபோனது. அவர் வாழ்வில் இதைவிடப் பெரிய பாடம் இல்லை. இனமோ கட்சியோ வாக்கைக் கொண்டுவந்து தராது. ஒவ்வொரு உறுப்பினரின் தேவையையும் தனித்தனியே அறிந்தாக வேண்டும்.

1980இல் மெக்கார்த்தியும் அதே கட்சியின் ஹோவர்ட் பெர்மனும் தலைமைக்காக மோதிக் கட்சி இரண்டாகப் பிளந்தபோது, பிரவுன் குடியரசுக் கட்சியினரை நாடினார். குழுக்களிலும் ஊழியர்களிலும் அவர்களுக்கு உரிய பங்கு தருவதாக வாக்களித்தார். சிறுபான்மையாக ஒதுங்கிக் கிடந்தவர்களுக்கு அதுவே பெரும் வரவு.

இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. தங்கள் நலனுக்காக அழுத்தம் தரும் குழுக்களிடம் திரட்டிய தேர்தல் நிதியை உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தே அவர் விசுவாசத்தை வளர்த்தார். மக்களின் கசப்பு 1990இல் 140-ஆம் முன்மொழிவு என்ற வாக்கெடுப்பாக வெடித்தது: பேரவையில் ஒருவர் 6 ஆண்டுகள் மட்டுமே இருக்கலாம் என்றது அது. அந்தப் பிரசாரத்தின் முக்கிய இலக்கு பிரவுன்தான்.

ஆனால் 1994 தேர்தலில் குடியரசுக் கட்சி 41 இடங்களை வென்றபோதும் அவரை அசைக்க முடியவில்லை. அக்கட்சியின் பால் ஹார்ச்சர் விலகிச் சுயேச்சையாகிப் பிரவுனை ஆதரிக்க, கணக்கு 40-40 என நின்றது. மேலவைக்கும் தேர்வாகியிருந்த ரிச்சர்ட் மவுண்ட்ஜாய் பேரவையிலிருந்து நீக்கப்பட்டதும், 1995 ஜனவரியில் 40-39 எனப் பிரவுன் வென்றார். ஹார்ச்சரை அவர் தொகுதி மக்கள் அதே ஆண்டில் திருப்பியழைத்தனர்.

2012இல் வாக்காளர்கள் அந்தப் பதவிக்கால விதியைத் திருத்தி, ஒரே அவையில் 12 ஆண்டுகள் வரை இருக்க இடம் தந்தனர். பழகித் தேற ஓர் உறுப்பினருக்குக் காலம் வேண்டும் என்பதை அது ஓரளவு ஒப்புக்கொண்டது. பிரவுன் அந்த நாற்காலியை அடைய எடுத்துக்கொண்டதோ ஏறக்குறைய 16 ஆண்டுகள்.